காதில் வில்லை மாட்டிய மானைச் சுடலாமா?

கேள்வி: பென்சில்வேனியாவுக்கு வந்து பதினோரு வருடமாகிறது. அலுவலக நண்பர் ஒருவர் வேட்டை பழக்கிவிட்டார். வகுப்பு, தேர்வு, லைசென்ஸ் எல்லாம் முறைப்படி முடித்து, போன சீசன் எனக்கு மூன்றாவது. டிசம்பர் முதல் வாரம் ஒரு பெண் மான் அறுபது கஜ தூரத்தில் வந்து பக்கவாட்டில் நின்றது. பெண் மானுக்கான அனுமதியும் என்னிடம் இருந்தது. ஸ்கோப்பில் பார்த்தால் இரண்டு காதிலும் மஞ்சள் வில்லை. யாரோ ஆராய்ச்சி செய்கிறார்கள், கெடுக்கக் கூடாது என்று துப்பாக்கியை இறக்கிவிட்டேன். நண்பர், "வில்லை போட்ட மான் கிடைப்பதே அதிர்ஷ்டம், விட்டுவிட்டாயே" என்கிறார். மனைவி, "நல்லவேளை, என்னென்ன மருந்து ஏற்றினார்களோ, அந்தக் கறியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க விடமாட்டேன்" என்கிறாள். ஊரில் அம்மாவிடம் போனில் சொன்னால், "காதுல அடையாளம் இருந்தா அது நேர்ந்துவிட்டதுடா, தொடாதே" என்று முடித்துவிட்டார். அடுத்த சீசனில் அதே மான் வந்தால் என்ன செய்வது? சுட்டால் அந்த வில்லையை நானே வைத்துக்கொள்ளலாமா? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்:

சுட்டிருக்கலாம். சட்டம் தடுக்கவில்லை. வில்லை மாட்டியவர்களும் தடுக்கவில்லை. விட்டதும் தப்பில்லை, மனசு ஒப்பாதபோது விசையை அழுத்தாமல் இருப்பவர்தான் நல்ல வேட்டைக்காரர். ஆனால் நீங்கள் விட்ட காரணம்தான் எனக்கு இடிக்கிறது. ஆராய்ச்சி கெடக் கூடாது என்று விட்டதாகச் சொல்கிறீர்கள். உங்களைப் போல நூறு நல்லவர்கள் அப்படி விட்டால்தான் ஆராய்ச்சி கெடும்.

விளக்குகிறேன். அதற்கு முன் ஒன்று. இதைத் தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு முகம் சுளிக்கலாம். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை பெரும்பாலும் குற்றம்தான். பென்சில்வேனியாவின் கதை வேறு. 1900 வாக்கில் அங்கே மான் கிட்டத்தட்ட அற்றுப்போய்விட்டது. பிறகு வெளி மாநிலங்களிலிருந்து வாங்கிவந்து விட்டார்கள், பெண் மானைச் சுடத் தடை போட்டார்கள். ஓநாயும் மலைச் சிங்கமும் இல்லாத காட்டில் மான் பெருகிப் பெருகி, இளஞ்செடியே தலையெடுக்க முடியாத நிலை வந்தது. இன்றைக்கு அந்த மாநிலத்தில் வேட்டைக்காரர்கள் ஆண்டுக்கு நான்கு லட்சத்தை ஒட்டி மான் எடுக்கிறார்கள். அதில் எத்தனை பெண் மான், எந்தப் பகுதியில் எத்தனை அனுமதிச் சீட்டு என்று வருடாவருடம் கணக்குப் போட்டுத்தான் கொடுக்கிறார்கள். அந்தக் கணக்குக்குள்தான் உங்கள் மஞ்சள் வில்லை உட்கார்ந்திருக்கிறது.

காட்டில் இருக்கும் விலங்கை எண்ணுவது எப்படி? நிற்கச் சொல்லி எண்ண முடியாது. டென்மார்க்கில் பீட்டர்சன் என்ற மீன் ஆய்வாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மீனுக்கு அடையாளம் போட்டு விட்டுப் பார்த்தார். 1930இல் அமெரிக்காவில் லிங்கன் என்பவர் காலில் வளையம் போட்ட வாத்துகளை வைத்து அதே கணக்கைப் போட்டார். ரொம்ப எளிய கணக்குதான். காட்டில் 100 கரடிக்கு வில்லை மாட்டி விடுகிறோம் என்று வையுங்கள். சீசனில் 200 கரடி சுடப்படுகிறது. அதில் 20 கரடியின் காதில் வில்லை இருக்கிறது. ஆக, பத்துக்கு ஒன்று வில்லை போட்டது. நாம் போட்டதே 100 என்றால், காட்டில் இருந்தது சுமார் 1,000.

இப்போது உங்களைப் போல மனசு இளகியவர்களை உள்ளே விடுவோம். வில்லை தெரிந்தால் பாதிப் பேர் துப்பாக்கியை இறக்கிவிடுகிறார்கள். பதிலாக வேறு கரடியைச் சுடுகிறார்கள். 200இல் 20க்குப் பதில் 10தான் வில்லையோடு வருகிறது. கணக்கு என்ன சொல்லும்? காட்டில் 2,000 கரடி இருக்கிறது என்று சொல்லும். அடுத்த வருடம் இரண்டாயிரத்துக்குத் தக்கபடி அனுமதி போகும். இருப்பது ஆயிரம்தான். நீங்கள் ஒரு விலங்கைக் காப்பாற்றியதாக நினைத்து வீட்டுக்குப் போனீர்கள். காகிதத்தில் ஆயிரம் விலங்கைப் பிறக்கவைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

உங்கள் நண்பர் கட்சி இதற்கு நேரெதிர். வில்லை போட்டது அதிர்ஷ்டம் என்று தேடித் தேடி அதையே சுட்டால், 20க்குப் பதில் 40 வரும். காட்டில் 500தான் இருக்கிறது என்று கணக்கு அலறும். அவரும் நீங்களும் ஒரே தப்பைத்தான் ஆளுக்கொரு பக்கம் நின்று செய்கிறீர்கள்.

கரடியை உதாரணமாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. பென்சில்வேனியாவில் கரடி எண்ணிக்கையை இந்த வழியில்தான் மதிப்பிடுகிறார்கள். ஒவ்வொரு வருடமும் நூற்றுக்கணக்கான கரடிகளைப் பிடித்து வில்லை மாட்டுகிறார்கள். சீசனில் கரடி சுட்டவர்கள் அதைச் சோதனை நிலையத்துக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும். அங்கே எடை போடுவார்கள், வயது பார்க்க ஒரு பல் பிடுங்குவார்கள், காதைப் புரட்டிப் பார்ப்பார்கள். மான் விஷயத்தில் வில்லை வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது: நூறு மானில் எத்தனையை வேட்டைக்காரன் எடுக்கிறான், எத்தனை காரில் அடிபடுகிறது, எத்தனை அடுத்த வருடத்தைப் பார்க்கிறது? இதற்கும் அதே நிபந்தனைதான். காதில் மஞ்சள் இல்லாத மானுக்கு என்ன நடக்குமோ அதுவே மஞ்சள் இருக்கிற மானுக்கும் நடக்க வேண்டும்.

பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமும் வேட்டை விலங்கு ஆணையமும் சேர்ந்து 2013இல் தொடங்கிய மான்-காடு ஆய்வு நீங்கள் கேள்விப்பட்டதாக இருக்கலாம். ராத்ராக், பால்ட் ஈகிள், சஸ்குவஹன்னாக் அரசுக் காடுகளில் நடப்பது. அவர்கள் வேட்டைக்காரர்களிடம் சொல்வது இதைத்தான்: வில்லையோ கழுத்துப் பட்டையோ இல்லை என்று நினைத்துக்கொண்டு முடிவெடுங்கள். விஸ்கான்சினில் 2017 வாக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மான்களுக்குப் பட்டை மாட்டி நோய் ஆய்வு செய்தபோதும் அங்குள்ள இயற்கை வளத் துறை இதையேதான் கேட்டுக்கொண்டது.

நான் காட்டு விலங்கு மருத்துவன். இந்த வில்லைகளை மாட்டுகிற வேலையைப் பல குளிர்காலம் செய்திருக்கிறேன். கொஞ்சம் உள்ளே நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் மனைவியின் பயத்துக்கு அதில்தான் பதில் இருக்கிறது.

மானைப் பிடிப்பது பெரும்பாலும் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. பனி கிடக்கும், தின்ன ஒன்றும் இருக்காது, மக்காச்சோளம் போட்டால் வரும். குளோவர் கூண்டு என்று ஒன்று உண்டு. இரும்புக் குழாய்ச் சட்டம், சுற்றிலும் வலை, உள்ளே சோளம், இழுத்தால் விழும் கதவு. மான் உள்ளே மாட்டியதும் நாங்கள் கூண்டைச் சாய்த்து, ஒருவர் மேலே விழுந்து அமுக்கிப் பிடிக்க, இன்னொருவர் கண்ணைத் துணியால் கட்டுவார். கண்ணைக் கட்டியதும் மான் ஆச்சரியமாக அடங்கிப்போகும். பிறகு இரண்டு காதிலும் வில்லை, தேவையென்றால் கழுத்தில் பட்டை, விட்டுவிட வேண்டியதுதான். எல்லாம் சில நிமிடம். என் வலது முழங்காலில் இன்றைக்கும் ஒரு குளம்புத் தழும்பு இருக்கிறது. கவனியுங்கள், இதில் மருந்தே கிடையாது. கூண்டில் பிடித்த மான்களில் பலவற்றின் உடம்பில் ஊசியே ஏறியிருக்காது.

மயக்க மருந்து கொடுத்துப் பிடிப்பதும் உண்டு. தூரத்திலிருந்து ஊசித் துப்பாக்கியால் அடிப்போம். ஸைலஸின், கீட்டமின், டெலசால், அப்புறம் பியூட்டார்ஃபனால்-அஸப்பெரோன்-மெடிடோமிடின் மூன்றும் சேர்ந்த கலவை, இவைதான் வழக்கமானவை. இவை உடம்பிலேயே தங்கிவிடுகிற சரக்கு இல்லை. கல்லீரலும் சிறுநீரகமும் கழித்துவிடும். ஊரில் மாட்டுக்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்டால் சில நாள் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றாதே என்று டாக்டர் சொல்வார் இல்லையா, அதே தர்க்கம். ஸைலஸின் லேபிளிலேயே மான் இனங்களுக்கு வேட்டை சீசனுக்கு முன் 15 நாளுக்குள்ளும் சீசனின்போதும் போடாதே என்று இருக்கிறது. பல மாநிலங்கள் அதையும் தாண்டி 30 நாள், 45 நாள் என்று வைத்துக்கொள்கின்றன. பிப்ரவரியில் ஊசி போட்ட மானை நீங்கள் டிசம்பரில் பார்க்கிறீர்கள். பத்து மாதம் ஆகிவிட்டது. அந்தக் கறியில் மயக்க மருந்தைத் தேடினால் ஒன்றும் அகப்படாது.

ஆனால் உங்கள் மனைவியின் சந்தேகம் வெறும் பயம் என்று தள்ளிவிடவும் முடியாது. சீசன் நெருங்கும்போதோ சீசன் நடக்கும்போதோ மருந்து கொடுக்க வேண்டி வருவதுண்டு. குப்பைத் தொட்டியைப் புரட்டுகிற கரடியைப் பிடித்து வேறிடத்தில் விடுவார்கள். வேலியில் கொம்பு சிக்கிய மானை மயக்கி விடுவிப்பார்கள். அப்போது மாட்டும் வில்லையில், உண்ணும் முன் அழைக்கவும் என்றோ, இந்தத் தேதிக்கு முன் உண்ண வேண்டாம் என்றோ ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும், கூடவே தொலைபேசி எண்ணும் இருக்கும். அறுபது கஜத்திலிருந்து இதைப் படிக்க முடியாது. சுட்ட பிறகுதான் தெரியும். அதனால் வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்: வில்லை போட்ட விலங்கு எதுவானாலும் எண்ணுக்குப் போன் போட்டு, எப்போது பிடித்தீர்கள், மருந்து கொடுத்தீர்களா என்று கேட்ட பிறகே கறி அடுப்பேறட்டும். அதுவரை ஃப்ரீசரில் கிடக்கட்டும். வேண்டாம் என்று சொன்னால் தூக்கிப் போடத் தயாராக இருங்கள். அப்படிப்பட்ட நேரத்தில் செலவான உங்கள் அனுமதிச் சீட்டுக்குப் பதில் வேறு சீட்டு கிடைக்குமா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்; கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

கருத்தடை மருந்து போட்ட மானும் அங்கங்கே உண்டு. நியூயார்க்கின் ஃபயர் தீவில் 1993இலிருந்து பன்றிக் கருமுட்டை உறையிலிருந்து எடுத்த புரதத்தைத் தடுப்பூசி மாதிரி மான்களுக்குப் போட்டார்கள். 2009இல் கோனகான் என்ற இன்னொன்றுக்கு அரசுப் பதிவு கிடைத்தது. இவை புரதங்கள். தின்றால் மற்ற புரதம் போலச் செரித்துவிடும். கேட்க அருவருப்பாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன்.

உண்மையில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கறியைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமானால் வில்லையை விட்டுவிட்டு வேறு இடத்தில் கவலைப்படச் சொல்வேன். மான்களுக்கு நாட்பட்ட உருக்கு நோய் என்று ஒன்று வருகிறது, வேட்டைக்காரர்கள் சி.டபிள்யூ.டி. என்பார்கள். கொலராடோவில் 1967இல் முதலில் கண்டது. விஸ்கான்சினுக்கு 2002இல், பென்சில்வேனியாவுக்கு 2012இல் வந்தது. பிரியான் என்ற, சமையல் சூட்டுக்கு அழியாத கோணல் புரதம்தான் காரணம். மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. இருந்தும், நோய் பரவிய பகுதியில் சுட்ட மானைச் சோதித்துப் பார்த்த பிறகு சாப்பிடுங்கள், நோய் இருந்தால் சாப்பிடாதீர்கள் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆலோசனை. உங்கள் மாநிலத்தில் நோய் மேலாண்மைப் பகுதிகளில் மான் தலையைப் போட்டுவிட்டு வரத் தொட்டிகள் வைத்திருக்கிறார்கள், சோதனை இலவசம். கழுத்தின் நிணநீர் முடிச்சை எடுத்துப் பார்ப்பார்கள். நோய் கண்ட மான் கடைசிக் கட்டம் வரைக்கும் கொழுகொழுவென்று நன்றாகவே தெரியும். காதில் ஒன்றுமில்லாத "சுத்தமான" மானுக்கும் இதைச் செய்யுங்கள். வில்லைக்குப் பயந்து இதை மறந்தால் பாம்பென்று கயிற்றைத் தாண்டிப் பாம்பின் மேல் கால் வைத்த கதையாகிவிடும்.

அம்மாவுக்கு வருவோம். எனக்கு அவர் பதில்தான் ரொம்பப் பிடித்தது. நம் ஊரில் கிடையில் ஆட்டின் காதை வெட்டி அடையாளம் வைப்பார்கள். எந்த வெட்டு யாருடையது என்று ஊருக்கே தெரியும். கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடா வயலில் புகுந்து மேய்ந்தாலும் அடிக்க மாட்டார்கள். காதில் குறி இருந்தால் அதற்கு ஒரு சொந்தக்காரர் உண்டு, அவர் மனிதராகவோ சாமியாகவோ இருப்பார். அம்மா படித்த மொழியில் அவர் சரியாகத்தான் படித்திருக்கிறார். இங்கே மட்டும் அந்தக் குறிக்கு வேறு பொருள். அந்த மானை யாரும் வளர்க்கவில்லை, யாருக்கும் சொந்தமில்லை, அது எப்படிச் சாகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் வில்லையே மாட்டியது. அம்மாவுக்குப் புரியும்படி சொல்ல ஒரு வழி: இன்ஷூரன்ஸ் மாடு. காதுவில்லை போட்ட கறவை மாடு செத்தால், அந்த வில்லையைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் பணம் வரும்; வில்லை இல்லாவிட்டால் கம்பெனிக்காரர் கையை விரிப்பார். மாடு உயிரோடு இருக்கும்வரை வில்லைக்கு வேலையில்லை. இதுவும் அப்படித்தான்.

குட்டி மான்களின் கதை இதற்கு நல்ல உதாரணம். பென்சில்வேனியாவில் கொயோட்டி என்ற, ஓநாய்க்குச் சின்னதான விலங்குதான் குட்டிகளைத் தின்று தீர்க்கிறது என்று வேட்டைக்காரர்கள் சத்தியம் பண்ணுவார்கள். 2000, 2001இல் குட்டிகளுக்கு ரேடியோ மாட்டிப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். கரடியும் ஏறக்குறைய அதே அளவு தின்றது. பன்றி மாதிரி புல் மேய்ந்துகொண்டிருக்கும் கரடியை யாரும் சந்தேகப்படவே இல்லை! அதேபோல 2002இல் ஆண் மானுக்குக் கொம்பில் இத்தனை கிளை இருந்தால்தான் சுடலாம் என்று விதி வந்தபோது பெரிய கூச்சல். இளம் ஆண் மான்கள் அந்த விதியால் உண்மையிலேயே தப்பித்து வளர்ந்தனவா என்று தெரிந்தது, பட்டையும் வில்லையும் மாட்டிய நூற்றுக்கணக்கான ஆண் மான்களால்தான். அந்த மான்களில் பலவற்றைச் சுட்டவர்கள் போன் பண்ணிச் சொன்னார்கள். சொல்லாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் கூச்சல்தான் மிச்சமிருக்கும்.

அந்த வில்லைக்குக் காசு கொடுத்தவர்களில் நீங்களும் ஒருவர், இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். 1937இல் வந்த சட்டப்படி அமெரிக்காவில் வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போடும் வரி, இப்போது 11 சதவீதம், தனியாகப் போகிறது. மாநிலங்களின் விலங்கு ஆய்வுக்கு அதிலிருந்துதான் பெரும்பங்கு வருகிறது. நீங்கள் தோட்டா வாங்கிய பெட்டியில் ஒரு மான் காதுவில்லையும் இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, விதிவிலக்கைச் சொல்லாவிட்டால் அரைகுறை ஆலோசனையாகிவிடும். மினசோட்டாவில் கரடி விஷயத்தில் தலைகீழ். அங்கே 1981இலிருந்து நடக்கும் ஆய்வில் சில கரடிகளை மட்டும் கழுத்துப் பட்டை மாட்டி வருடக்கணக்காகத் தொடர்கிறார்கள். குளிர்காலத்தில் குகைக்கே போய் எடை, இதயத்துடிப்பு, குட்டிகள் எல்லாம் பார்ப்பார்கள். ஒரு கரடி போனால் இருபது வருடப் பதிவு அங்கேயே நின்றுவிடும். அதனால் பெரிய வண்ண வில்லை மாட்டி, சுடுவது சட்டப்படி குற்றமில்லை, ஆனாலும் தயவுசெய்து சுடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறார்கள்.

56ஆம் எண் கரடி என்று ஒன்று இருந்தது. அந்த ஆய்வின் முதல் வருடமே, 1981இல், ஏழு வயதில் பட்டை மாட்டினார்கள். பத்து ஈற்றில் 28 குட்டி போட்டது. கூடப் பட்டை மாட்டிய முன்னூற்றுச் சொச்சம் கரடிகளும் பெரும்பாலும் வேட்டையில் போக, இது மட்டும் கண் மங்கி, காது மந்தமாகி, தள்ளாடிக்கொண்டு இருந்தது. 2013 கோடையில் காட்டிலேயே முதுமையில் செத்துக் கிடந்தது, வயது முப்பத்தொன்பதரை. வயது உறுதியாகத் தெரிந்த காட்டுக் கரடிகளில் அவ்வளவு நாள் வாழ்ந்தது வேறெதுவும் இல்லை. ஒரு காட்டுக் கரடி எத்தனை வருடம் வாழ முடியும் என்ற கேள்விக்கு வேட்டைக்காரர்கள் விட்டுக்கொடுத்ததால்தான் பதில் கிடைத்தது. ஆக ஆய்வு என்ன கேட்கிறது என்பதைப் பொறுத்தது. எண்ணுகிற ஆய்வு, அடையாளத்தைக் கண்டுகொள்ளாதே என்று கேட்கும். ஒரு சில விலங்கின் வாழ்க்கையை எழுதுகிற ஆய்வு, விட்டுவிடு என்று கேட்கும். எது என்று நீங்களாக ஊகிக்க வேண்டாம், அந்தந்த மாநிலத்தின் வேட்டை விதிப் புத்தகத்திலேயே எழுதியிருக்கும். வேறு மாநிலத்துக்கு வேட்டைக்குப் போனால் அந்தப் பக்கத்தை முதலில் படியுங்கள். வட கரோலினா பக்கம் போய், ஆரஞ்சுக் கழுத்துப் பட்டையோடு கொயோட்டி மாதிரி ஒன்றைப் பார்த்தால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். அது சிவப்பு ஓநாய், அழிவின் விளிம்பில் இருப்பது, சுட்டால் மத்திய அரசு வழக்கு.

இன்னொரு வகை வில்லையும் உண்டு. பென்சில்வேனியாவில் மான் பண்ணைகள் நிறைய. வேலி விழுந்தால் மான் வெளியே வந்துவிடும். பண்ணை வில்லையில் எண் இருக்கும், பெரும்பாலும் போன் எண் இருக்காது. 840 என்று தொடங்கும் நீள எண் இருந்தால் அமெரிக்காவின் கால்நடை அடையாள எண். மனிதரைப் பார்த்து ஓடாமல் நிற்கிற, வில்லை போட்ட மான் என்றால் எனக்கு முதலில் பண்ணை ஞாபகம்தான் வரும். நோய் பரவுவதில் பண்ணைகளுக்கும் பங்கிருப்பதால் இது சின்ன விஷயமில்லை. அப்படிப் பார்த்தால் சுடும் முன்பே ஆணையத்துக்குச் சொல்லிவிடுங்கள். தெரியாமல் சுட்டுவிட்டால் அறுக்கும் முன் சொல்லுங்கள்.

அடுத்த சீசனில் அதே மான் வந்தால்? வில்லை இல்லாவிட்டால் அதைச் சுட்டிருப்பீர்களா என்று உங்களையே கேளுங்கள். பெண் மான் அனுமதி இருக்கிறது, பின்னால் வீடோ சாலையோ இல்லை, பக்கவாட்டில் நிற்கிறது, ஃப்ரீசரில் இடமிருக்கிறது என்றால் சுடுங்கள். குட்டி கூட இருக்கிறது, மனசு வரவில்லை என்றால் விடுங்கள். இரண்டில் எதுவானாலும் மஞ்சள் நிறத்துக்கு அதில் வாக்கு இல்லை.

சுட்டால் முதல் வேலை, உங்கள் பெண் மான் அனுமதியோடு வந்த சீட்டை நிரப்பி மானின் காதில் கட்டுவது. நகர்த்தும் முன் கட்டிவிட வேண்டும். புதிதாக வருபவர்கள் இங்கே குழம்புவார்கள்: அதுதான் காதில் ஏற்கெனவே ஒன்று தொங்குகிறதே என்று. அது ஆய்வாளருடையது, இது உங்களுடையது. ஒன்று மற்றதற்கு ஈடாகாது. அதேபோல ஆணையத்துக்கு மான் எடுத்ததைப் பதிவு செய்வதும், வில்லையில் இருக்கும் எண்ணுக்கு அழைப்பதும் தனித்தனி வேலை. முதலாவதைப் பத்து நாளுக்குள் செய்தாக வேண்டும். இரண்டாவதைச் செய்யாவிட்டால் யாரும் உங்களைக் கேட்கப்போவதில்லை, அதனாலேயே பலர் செய்வதில்லை. வாத்து வளையத்தில் முன்பு முகவரி மட்டும் இருந்த காலத்தில் கிடைத்த வளையங்களில் மூன்றில் ஒன்றைத்தான் சொன்னார்கள். கட்டணமில்லாத போன் எண்ணை அச்சடித்த பிறகு அது இரண்டு மடங்காகிவிட்டது. சில திட்டங்களில் நூறு டாலர் பரிசு என்று அச்சடித்த வில்லைகளைக் கலந்துவிடுவார்கள். பணம் வரும் வில்லையை எல்லாரும் சொல்வார்கள். பணம் இல்லாததை எத்தனை பேர் சொல்லவில்லை என்று அதிலிருந்து கணக்குப் போட்டுவிடலாம். தந்திரம்தான், ஆனால் நல்ல தந்திரம்.

வில்லையை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டீர்கள். எண்ணைச் சொன்ன பிறகு வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுவார்கள் பெரும்பாலும். வாத்து வேட்டைக்காரர்கள் வளையங்களைக் கழுத்துக் கயிற்றில் கோத்து மாலையாகப் போட்டுக்கொள்வார்கள், உங்கள் நண்பருக்குத் தெரிந்திருக்கும். ஜாக் மைனர் என்று கனடாக்காரர் ஒருவர் 1909இல் ஒரு வாத்துக்கு வளையம் போட்டு விட்டார். அடுத்த ஜனவரியில் தென் கரோலினாவில் சுட்டவர் கடிதம் எழுதினார். அதற்குப் பிறகு மைனர் வளையத்தில் பைபிள் வசனம் பொறித்து விட ஆரம்பித்தார். கழுத்துப் பட்டை மட்டும் திருப்பிக் கொடுக்க வேண்டியது. ஜி.பி.எஸ். பட்டை ஒன்று ஆயிரம் டாலருக்கு மேல் போகும், அதற்குள்ளே இருக்கும் இடப் பதிவு அதைவிட மதிப்பு. பட்டையைக் கத்தியால் அறுக்காதீர்கள், திருகாணியைக் கழற்றுங்கள்.

பல வருடத்துக்கு முன்னால் ஒரு முதியவர் எங்கள் வண்டியை நிறுத்தி, ஜாம் பாட்டிலில் போட்டு வைத்திருந்த ஒரு வில்லையைக் கொடுத்தார். மூன்று வருடம் முன்பு சுட்ட மான். நாங்கள் திட்டுவோம் என்று பயந்து வீட்டில் வைத்திருந்தாராம். எங்கள் பதிவில் அந்த மான் அதுவரை உயிரோடு இருந்தது. மூன்று வருடமும் தப்பித்த மானாக ஒவ்வொரு கணக்கிலும் அதைச் சேர்த்திருந்தோம். எல்லாவற்றையும் திருத்தினோம்.

திட்ட மாட்டார்கள், தைரியமாக அழையுங்கள். எங்கே பிடித்தார்கள், எந்த வருடம், அப்போது என்ன வயது என்று சொல்வார்கள். சில இடத்தில் கடிதமாகவே வரும். நீங்கள் சொல்ல வேண்டியது எண், சுட்ட தேதி, இடம், ஒரு காதில் வில்லை இருந்ததா இரண்டிலுமா என்பது. ஒன்று விழுந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். வில்லை எவ்வளவு சீக்கிரம் உதிர்கிறது என்று பார்க்கத்தான் இரண்டு காதிலும் மாட்டுகிறோம். அப்புறம் எண்ணை இரண்டு தடவை, நிதானமாக, வில்லையின் நிறத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். ஆறையும் ஒன்பதையும் தலைகீழாகப் பிடித்துவிட்டு, செத்த மானை உயிரோடும் உயிரோடிருந்த மானைச் செத்ததாகவும் ஒரு குளிர்காலம் முழுக்க எழுதி வைத்திருந்தவன் நான்தான்.